ஒரு நாளும் லீவு எடுக்காத கோல் கீப்பர்

பதினைந்து ஆண்டுகள் ஒரே வேலை. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு நாள் கூட லீவு கிடையாது. காய்ச்சல் என்றோ, கை கால் வலி என்றோ அவர் ஒரு முறை கூட வராமல் இருந்ததில்லை.

அது நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை அல்ல. குண்டு போலப் பறந்து வரும் ரப்பர் கட்டியைத் தன் உடம்பால் தடுத்து நிறுத்தும் வேலை!

அவர் பெயர் ஜார்ஜ் வெசினா. கனடா நாட்டுக்காரர். ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் கோல் கீப்பராக இருந்து சம்பளம் வாங்கியவர். 1910-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி அவர் கோலுக்கு முன்னால் போய் நின்றார். 1925-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி அதே கோலுக்கு முன்னால் மயங்கி விழுந்தார். இடையில் அவருடைய அணி ஆடிய ஆட்டங்கள் 360-க்கும் மேல். அத்தனையிலும் கோலில் நின்றவர் அவரே.

அந்த மனிதரின் கதை இது.

பனிக்கட்டி மைதானம்

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் பார்த்த ஹாக்கி வேறு, இது வேறு.

கனடாவில் குளிர் காலம் வந்தால் ஆறும் குளமும் உறைந்து பாறை போல ஆகிவிடும். மாடு நடக்கலாம், வண்டி ஓட்டலாம். அப்படி உறைந்த பனிக்கட்டியின் மீது ஆடும் ஆட்டம்தான் ஐஸ் ஹாக்கி. பிறகு இதற்கென்று பெரிய கட்டடங்கள் கட்டினார்கள். உள்ளே பனிக்கட்டித் தரை. நீளம் சுமார் 200 அடி, அகலம் 85 அடி.

ஆட்டக்காரர்களின் பூட்சுக்கு அடியில் எஃகுப் பட்டை இருக்கும். அதற்கு ஸ்கேட் என்று பெயர். அதை மாட்டிக்கொண்டு பனிக்கட்டியின் மீது சறுக்கிக்கொண்டே போவார்கள். ஓடுவதை விட இதில் வேகம் அதிகம்.

பந்து கிடையாது. கறுப்பு நிறத்தில் ஒரு வட்டமான ரப்பர் கட்டி உண்டு. குறுக்களவு 3 அங்குலம், கனம் 1 அங்குலம். பக் என்று சொல்வார்கள். கல் மாதிரி கெட்டியாக இருக்கும். வளைந்த கட்டையால் ஓங்கி அடித்தால் தரையோடு தரையாகவும் வரும், தலை உயரத்துக்கும் வரும். முகத்தில் பட்டால் பல் போகும். கண்ணில் பட்டால் கண் போகும்.

கோலின் அகலம் 6 அடி. உயரம் 4 அடி. அதற்கு முன்னால் ஒருவர் நிற்க வேண்டும். காலில் கிரிக்கெட் ஆட்டக்காரர் கட்டுவது போல மெத்தை கட்டிக்கொள்ளலாம். ஆனால் வெசினாவின் காலத்தில் முகத்துக்கு ஒரு மறைப்பும் கிடையாது. ஜாக் பிளான்ட் என்ற கோல் கீப்பர் 1959-ம் ஆண்டில்தான் ஆட்டத்துக்கு ஆட்டம் முகமூடி அணியத் தொடங்கினார். அதற்கு முன் இருந்தவர்களில் பெரும்பாலோர் வெறும் முகத்தோடுதான் நின்றார்கள்.

இது போதாது என்று இன்னொரு விதியும் அந்த நாளில் இருந்தது. கோல் கீப்பர் கீழே விழக் கூடாது! மண்டியிட்டுத் தடுக்கக் கூடாது, படுத்துத் தடுக்கக் கூடாது. நின்றபடியேதான் தடுக்க வேண்டும். விழுந்தால் தண்டனை.

விழக் கூடாத அந்த வேலைக்கு வந்து சேர்ந்தவர்தான் வெசினா.

ரொட்டிக் கடைக்காரர் மகன்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சிகூத்திமி என்று ஓர் ஊர். சாகெனே ஆற்றின் கரையில் இருக்கிறது. மாண்ட்ரீல் நகரத்திலிருந்து சாலை வழியாக 400 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே போக வேண்டும். சுற்றிலும் காடு. கடும் குளிர். பேசும் பாஷை பிரெஞ்சு.

1887-ம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி அந்த ஊரில் வெசினா பிறந்தார். தகப்பனார் ரொட்டிக் கடை வைத்திருந்தார். பையன் கொஞ்ச காலம் பள்ளிக்கூடம் போனான். பிறகு படிப்பை விட்டுவிட்டு அப்பாவுக்கு ஒத்தாசையாக ரொட்டிக் கடைக்கு வந்துவிட்டான்.

நம் ஊர்த் தெருவில் பிள்ளைகள் பம்பரமும் கிட்டிப்புள்ளும் ஆடுவது போல, அந்த ஊர்த் தெருவில் ஹாக்கி. வெசினா கோலில் நிற்பான். கோலில் நிற்பவனுக்கு ஸ்கேட் எதற்கு? சாதாரணச் செருப்புக் காலோடு நின்றான். ஊர் அணியில் சேர்ந்து ஆடும் வயது வந்த பிறகுதான் அவர் முதன்முதலாக ஸ்கேட் மாட்டினார்.

மற்றப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே சறுக்கவும் பழகிவிடுகிற நாடு அது. அங்கே வளர்ந்த வாலிபர் ஒருவர் ஸ்கேட் இல்லாமல் ஹாக்கி கற்றுக்கொண்டார் என்றால் வேடிக்கைதான். ஆனால் அதுவே அவருக்கு நல்லதாகப் போயிற்று என்று தோன்றுகிறது. காலை ஊன்றி நிற்கப் பழகியவருக்கு, விழாமல் நிற்பது கஷ்டமாக இருக்கவில்லை.

1908-ம் ஆண்டு ஜூன் மாதம் அவருக்குக் கலியாணம் நடந்தது. மணப்பெண் ஸ்டெல்லா மோரின், அதே ஊர்க்காரி. அப்போது வெசினாவுக்கு வயது 21. இருந்திருந்தால் ரொட்டி சுட்டுக்கொண்டே காலத்தைக் கழித்திருப்பார். ஊருக்கு வெளியே ஒருவருக்கும் அவரைத் தெரிந்திருக்காது.

தன் இடத்தைக் கொடுத்தவர்

1909-ம் ஆண்டு டிசம்பர் மாதம் மாண்ட்ரீல் நகரத்தில் கனடியன்ஸ் என்ற புதிய அணி தோன்றியது. மாண்ட்ரீலில் இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்கு ஏற்கனவே அணிகள் இருந்தன. பிரெஞ்சு பேசும் மக்கள் தங்கள் அணி என்று சொல்லிக்கொள்ள ஓர் அணி வேண்டும் என்றுதான் இதைத் தொடங்கினார்கள். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் உண்டு.

1910-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அந்த அணி சிகூத்திமிக்கு வந்தது. ஊர் அணியோடு ஒரு காட்சி ஆட்டம். காசு வாங்கி ஆடும் பட்டணத்துக்காரர்கள் ஒரு பக்கம், வேலை முடிந்து வந்து ஆடும் ஊர்க்காரர்கள் ஒரு பக்கம். முடிவு என்ன ஆகும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள்.

ஆனால் ஜெயித்தது ஊர் அணி!

பட்டணத்து அணியின் கோல் கீப்பர் ஜோசப் கட்டாரினிச் அந்த ஊர் கோல் கீப்பரைக் கவனித்துக்கொண்டே இருந்தார். ஒல்லியான வாலிபன். பேச்சு இல்லை, சத்தம் இல்லை. பக் வருகிற இடத்தில் அவன் கட்டை முன்கூட்டியே வந்து நிற்கிறது. இவனை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாரினிச் தம் அணிக்காரர்களிடம் வற்புறுத்தினார்.

இதில் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். ஓர் அணிக்குக் கோல் கீப்பர் ஒருவர்தான். இந்த வாலிபன் உள்ளே வந்தால் கட்டாரினிச் வெளியே போக வேண்டும். தம் பிழைப்பைத் தாமே இன்னொருவனுக்குத் தூக்கிக் கொடுத்தார் அவர். திறமைசாலியைக் கண்டால் மறைத்துவைக்கிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். இவர் மறைக்கவில்லை. இந்தக் கட்டாரினிச் கதையில் மறுபடியும் வருவார். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெசினா உடனே சம்மதிக்கவில்லை. ஊரை விட்டுப் போக மனம் இல்லை. மாதங்கள் ஓடின. 1910-ம் ஆண்டு டிசம்பர் மாதம் சகோதரர் பியேரையும் அழைத்துக்கொண்டு மாண்ட்ரீலுக்குப் போனார். இருவரையும் ஆடச் சொல்லிப் பார்த்தார்கள். பியேர் தேறவில்லை. ஜார்ஜ் தேறிவிட்டார். சகோதரர் ஊருக்குத் திரும்பினார். இவர் அங்கேயே தங்கிவிட்டார்.

அந்த மாதக் கடைசி நாள் முதல் ஆட்டம். முதல் இரண்டு சீசன்களிலும் எல்லா அணிகளையும் விடக் குறைவாகக் கோல் வாங்கியது கனடியன்ஸ்தான்.

வெள்ளரிக்காய் என்ற பட்டப் பெயர்

கோலைச் சுற்றித் தள்ளுமுள்ளு. கட்டையால் அடி விழுகிறது. கூட்டம் கூச்சல் போடுகிறது. நடுவில் வெசினா மட்டும் ஒன்றும் நடக்காதது போல நிற்பார். முகத்தில் கோபம் தெரியாது, பயம் தெரியாது, சந்தோஷமும் தெரியாது.

இதைப் பார்த்து ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் சிகூத்திமி வெள்ளரிக்காய்! நமக்குச் சிரிப்பு வரும். பதறாத மனிதனை வெள்ளரிக்காய்க்கு ஒப்பிடுவது அந்த நாட்டு வழக்கம். வெயில் எரிக்கும்போதும் உள்ளே குளிர்ந்திருக்கிற காய் அல்லவா? யோசித்தால் பொருத்தம்தான்.

ஆட்டாவா அணியில் கிளின்ட் பெனடிக்ட் என்று ஒரு கோல் கீப்பர் இருந்தார். விழக் கூடாது என்ற விதியை ஏமாற்றுவதில் அவர் கெட்டிக்காரர். கால் வழுக்கிவிட்டது போல நடிப்பார். சாமி கும்பிடுவது போல முழங்கால் போடுவார். அதற்குள் பக்கைத் தடுத்திருப்பார். நடுவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் 1918-ம் ஆண்டு ஜனவரி மாதம் விதியையே மாற்றிவிட்டார்கள். இனிமேல் கோல் கீப்பர் விழலாம்!

மற்றவர்கள் விழத் தொடங்கினார்கள். வெசினா பழைய வழக்கத்தை விடவில்லை. நின்றே தடுத்தார். விதி மாறிய அடுத்த மாதம், பிப்ரவரி 18-ந் தேதி, டொராண்டோ அணியை எதிர்த்து ஓர் ஆட்டம். கனடியன்ஸ் 9 கோல் போட்டது. டொராண்டோவால் ஒரு கோல் கூடப் போட முடியவில்லை. அதற்கு முந்திய நவம்பரில்தான் நேஷனல் ஹாக்கி லீக் என்ற அமைப்பு பிறந்திருந்தது. இன்று உலகத்திலேயே பெரிய ஐஸ் ஹாக்கி அமைப்பு அதுதான். அந்த அமைப்பின் சரித்திரத்தில் ஒரு கோல் கூட விடாமல் ஆட்டத்தை முடித்த முதல் கோல் கீப்பர் வெசினா.

ஆட்டம் எல்லாம் குளிர் காலத்தில்தான். கோடை வந்தால் அவர் ஊருக்குப் போய்விடுவார். அங்கே தோல் பதனிடும் தொழில் நடத்தினார். கைக்கு வந்த காசைப் பட்டணத்தில் விட்டுவிட்டுப் போகிற ஆள் அல்ல அவர்.

கோப்பையும் குழந்தையும்

கனடாவில் ஐஸ் ஹாக்கிக்குத் தலைசிறந்த பரிசு ஸ்டான்லி கோப்பை. கனடியன்ஸ் அணிக்கு அது முதன்முதலாகக் கிடைத்தது 1916-ம் ஆண்டில். அமெரிக்காவில் போர்ட்லண்ட் என்ற ஊரிலிருந்து வந்த அணியோடு ஐந்து ஆட்டங்கள். ஆளுக்கு இரண்டு ஜெயித்துச் சமமாக நின்றார்கள். மார்ச் 30-ந் தேதி கடைசி ஆட்டம். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கனடியன்ஸ் ஜெயித்தது.

அந்த வெற்றியின் போதே வெசினாவுக்கு இன்னொரு நல்ல செய்தி. மனைவிக்கு இரண்டாவது ஆண் குழந்தை பிறந்திருந்தது! மூத்தவன் பெயர் ஜான் ஜூல். இளையவனுக்கு மார்சல் ஸ்டான்லி என்று பெயர் வைத்தார். கோப்பையின் பெயரையே பிள்ளைக்குச் சூட்டிவிட்டார். வாய் திறந்து சந்தோஷத்தைச் சொல்லாதவர், பிள்ளையின் பெயரில் அதைச் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

நெருப்பும் காய்ச்சலும்

அடுத்த ஆண்டு சியாட்டில் அணியிடம் கனடியன்ஸ் கோப்பையைப் பறிகொடுத்தது. 1918-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி மாண்ட்ரீலில் அவர்கள் ஆடிக்கொண்டிருந்த மைதானக் கட்டடமே தீப்பிடித்து எரிந்துபோயிற்று. சிறிய இடம் ஒன்றுக்கு மாறினார்கள்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை 1919-ம் ஆண்டில் வந்தது. மறுபடியும் சியாட்டில் அணியோடு இறுதிப் போட்டி. ரயில் ஏறிக் கண்டத்தின் மறு கோடிக்கு, பசிபிக் கடற்கரைக்குப் போனார்கள். அது உலகம் முழுவதும் விஷக் காய்ச்சல் பரவியிருந்த நேரம். நம் நாட்டிலும் அந்தக் காய்ச்சல் லட்சக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போனதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் உண்டு.

ஐந்து ஆட்டங்கள் முடிந்தன. இரு பக்கமும் சமம். கடைசி ஆட்டம் நடக்க வேண்டிய ஏப்ரல் 1-ந் தேதி கனடியன்ஸ் ஆட்டக்காரர்களில் பலர் எழுந்திருக்க முடியாமல் படுக்கையில் கிடந்தார்கள். மானேஜர் கென்னடிக்கும் காய்ச்சல். ஆட்டம் ரத்து. அந்த ஆண்டு கோப்பை ஒருவருக்கும் இல்லை. ஏப்ரல் 5-ந் தேதி ஜோ ஹால் என்ற ஆட்டக்காரர் சியாட்டில் ஆஸ்பத்திரியில் காலமானார். உயிர் பிழைத்த கென்னடியும் பழைய பலம் திரும்பாமல் 1921-ம் ஆண்டு இறந்துபோனார்.

காய்ச்சலில் விழுந்தவர்கள் பட்டியலில் வெசினாவின் பெயர் இல்லை. அடுத்த சீசன் தொடங்கியதும் வழக்கம் போலப் போய் நின்றார்.

கென்னடி இறந்த பிறகு அணி விலைக்கு வந்தது. 11 ஆயிரம் டாலர் கொடுத்து மூன்று பேர் வாங்கினார்கள். லியோ டாந்துரான் ஒருவர். லூயி லெதூர்னோ ஒருவர். மூன்றாமவர் யார் தெரியுமா? தம் இடத்தை வெசினாவுக்கு விட்டுக்கொடுத்த அதே ஜோசப் கட்டாரினிச்! அன்று கோல் கீப்பராக இருந்தவர் இப்போது முதலாளியாக வந்தார்.

தெருவோரத்தில் கிடந்த கோப்பை

1923-ம் ஆண்டு ஹோவி மோரன்ஸ் என்ற வாலிபர் அணியில் சேர்ந்தார். அவர் மின்னல் வேகக்காரர். முன்னால் மோரன்ஸ், பின்னால் வெசினா. 1924-ம் ஆண்டு வசந்தத்தில் கனடியன்ஸ் ஆட்டாவாவையும், வான்கூவரையும், கால்கரியையும் வரிசையாக வென்றது. ஆறு ஆட்டங்கள். ஆறிலும் சேர்த்து வெசினாவைத் தாண்டிப் போன கோல்கள் ஆறே ஆறு! கடைசி ஆட்டத்தில் ஒன்று கூட இல்லை. வெசினாவுக்கு அப்போது வயது 37.

அந்த வெற்றியைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். டாந்துரான் வீட்டில் விருந்து. ஸ்டான்லி கோப்பையைக் காரில் வைத்துக்கொண்டு போனார்கள். வழியில் டயர் பஞ்சர். கோப்பையை இறக்கித் தெருவோரத்தில் வைத்துவிட்டு டயரை மாற்றினார்கள். மாற்றியதும் ஏறிப் போய்விட்டார்கள். விருந்து நடக்கும்போதுதான் கோப்பை எங்கே என்ற கேள்வி வந்தது. பதறியடித்துக்கொண்டு ஓடிவந்து பார்த்தால், நாடே ஆசைப்படும் அந்தக் கோப்பை வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது!

டாந்துரான் பேச்சுக்காரர். ரசிகர்களைக் கவர எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார். வெசினாவுக்கு 22 பிள்ளைகள் என்று பத்திரிகைக்காரர்களிடம் ஒரு போடு போட்டார். அதில் மூன்று முறை ஒரே பிரசவத்தில் மூன்று பிள்ளைகளாம்! எல்லாம் ஒன்பது ஆண்டுகளுக்குள்ளாம்! கூட்டிக் கழித்துப் பார்க்காமல் பத்திரிகைகளும் அச்சிட்டன. பல ஆண்டுகள் வரை அந்தப் புளுகு உலாவியது. உண்மையில் வெசினாவுக்கு இரண்டே பிள்ளைகள். தம்மைப் பற்றித் தாமே பேசாத மனிதரைப் பற்றி மற்றவர்கள் எதையும் சொல்லலாம் போலிருக்கிறது.

கடைசி ஆட்டம்

1924-25-ம் ஆண்டு சீசன் வெசினாவுக்கு மிகச் சிறந்த சீசன். 30 ஆட்டங்களில் அவர் விட்ட கோல்கள் 56. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு கூட இல்லை. 38 வயதில் அந்த லீக்கில் எல்லோரையும் விடக் குறைவு.

அந்தக் கோடையில் ஊருக்குப் போனவர், இலையுதிர் காலத்தில் பயிற்சிக்குத் திரும்பினார். ஆள் இளைத்திருந்தார். சில வாரங்களில் உடம்பு பாதியாகிவிட்டது. சட்டை தொங்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கும் பதில் கிடைத்திருக்காது. பதினைந்து ஆண்டுகளாகப் பேசாத மனிதர் அவர். பேசாமல் இருப்பது அவர் சுபாவம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

நவம்பர் 28-ந் தேதி. சீசனின் முதல் ஆட்டம். எதிரே வந்தது பிட்ஸ்பர்க் அணி, லீக்கில் புதிதாகச் சேர்ந்தது. வெசினாவுக்கு அன்று 102 டிகிரி காய்ச்சல்.

அந்த உடம்போடு போய் கோலில் நின்றார். ஆட்டம் மூன்று பாகம். முதல் பாகம் முடியும் வரை பிட்ஸ்பர்க் எவ்வளவோ முயன்றும் ஒரு கோல் போட முடியவில்லை. இடைவேளையில் உள்ளே வந்தவர் ரத்தமாக வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வெளியே போனார். இரண்டாவது பாகம் தொடங்கிச் சிறிது நேரம்தான் ஆயிற்று. கண் இருட்டிக்கொண்டு வந்தது. பனிக்கட்டியின் மேல் சாய்ந்துவிட்டார்.

விழக் கூடாது என்று விதி இருந்தபோதும் விழாதவர், விழலாம் என்று விதி வந்த பிறகும் விழாதவர், அன்று விழுந்தார்.

அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அல்போன்ஸ் லக்ருவா என்பவர் அவர் இடத்தில் நின்றார். பிட்ஸ்பர்க் ஒரு கோல் போட்டு ஜெயித்தது. கனடியன்ஸ் அணிக்கு வெசினா வந்த நாளிலிருந்து, அவர் அல்லாத வேறொரு கோல் கீப்பர் அந்த கோலில் நின்றது அன்றுதான்.

டாக்டர்கள் சோதித்தார்கள். க்ஷயரோகம். நோய் முற்றிவிட்டிருந்தது.

அன்றைய நாளில் க்ஷயரோகம் என்றால் மரண ஓலை. அந்த நோயைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினை 1943-ம் ஆண்டில்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் டாக்டர்களிடம் இருந்தது மூன்றே மருந்து: ஓய்வு, நல்ல காற்று, நல்ல சாப்பாடு. நோய் இளசாக இருக்கும்போதே படுத்து ஓய்வெடுத்தவர்களில் சிலர் பிழைத்தது உண்டு.

அந்த 102 டிகிரி காய்ச்சலோடு ஆடியதைப் பற்றி எழுதுகிறவர்கள் அவரை வீரர் என்று புகழ்ந்து எழுதுவார்கள். வீரம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அதைப் படிக்கும்போது வருத்தம்தான் அதிகம் வருகிறது. உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தையை அந்தக் கோடையிலேயே மனைவியிடமோ டாக்டரிடமோ வாய்விட்டுச் சொல்லியிருந்தால்? இன்னும் சில ஆண்டுகள் பிள்ளைகளோடு இருந்திருக்கலாம். இது ஒட்டுகிற நோய் வேறு. ஒரே அறையில் உடை மாற்றிய அத்தனை பேருக்கும் ஆபத்து. இருமலையும் காய்ச்சலையும் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் தகப்பனார்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நாமும் அவர்களைப் பொறுமைசாலிகள் என்றுதான் சொல்கிறோம்.

ஒரு சட்டை போதும்

சில நாட்கள் கழித்து, டிசம்பர் மாதத் தொடக்கத்தில், வெசினா ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறைக்கு வந்தார். ஆடுவதற்கு அல்ல. வழக்கமாகத் தாம் உட்காரும் மூலையில் போய் உட்கார்ந்தார். அவருடைய மெத்தைகளும் ஸ்கேட்டும் எப்போதும் போல எடுத்துவைக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்தவர் டாந்துரான். பிறகு அவர்தான் எல்லோருக்கும் சொன்னார். 22 பிள்ளைகள் கதை கட்டிய அதே டாந்துரான்தான். ஆனால் இதை அவர் கதையாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

வெசினா ஒன்றே ஒன்று கேட்டார். கடைசியாக ஸ்டான்லி கோப்பைப் போட்டிகளில் தாம் போட்டிருந்த சட்டையைக் கொடுக்கும்படி கேட்டார். கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு மனைவியோடு சிகூத்திமிக்குத் திரும்பினார்.

அவர் இல்லாத அணி அந்த சீசனில் தோல்விக்கு மேல் தோல்வி கண்டது. லீக்கில் ஏழு அணிகள். கனடியன்ஸ் ஏழாவது இடம்.

1926-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி சிகூத்திமி ஆஸ்பத்திரியில் ஜார்ஜ் வெசினா காலமானார். வயது 39. இளைய மகன் மார்சல் ஸ்டான்லிக்குப் பத்து வயது நிறைய இன்னும் சில நாட்களே இருந்தன.

அவர் பெயரில் ஒரு பரிசு

அடுத்த சீசனுக்குள் டாந்துரானும் லெதூர்னோவும் கட்டாரினிச்சும் சேர்ந்து ஒரு கோப்பை செய்து லீக்குக்குக் கொடுத்தார்கள். அதற்கு வெசினா கோப்பை என்று பெயர். ஒரு சீசனில் மிகக் குறைவாகக் கோல் வாங்கும் அணியின் கோல் கீப்பருக்கு அது பரிசு.

முதல் ஆண்டு அதை வென்றவர் ஜார்ஜ் ஹெய்ன்ஸ்வொர்த். வெசினா நின்ற அதே கோலுக்குக் கனடியன்ஸ் கொண்டுவந்த ஆள் அவர். அடுத்த இரண்டு ஆண்டுகளும் அவரே வென்றார். முகமூடிக்காரர் ஜாக் பிளான்ட் ஏழு முறை வென்றிருக்கிறார். 1981-82-ம் ஆண்டு முதல் விதியை மாற்றினார்கள். கோல் கணக்கைப் பார்ப்பதில்லை. அணிகளின் மானேஜர்கள் ஓட்டுப் போட்டுச் சிறந்த கோல் கீப்பரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கோப்பையின் பெயர் மட்டும் மாறவில்லை.

1945-ம் ஆண்டு ஹாக்கி விளையாட்டின் புகழ் மண்டபத்துக்கு முதன்முதலாகச் சிலரைத் தேர்ந்தெடுத்தபோது அதில் வெசினாவும் ஒருவர்.

சிகூத்திமி இப்போது தனி ஊர் அல்ல. 2002-ம் ஆண்டு பக்கத்து ஊர்களோடு சேர்த்து சாகெனே என்ற பெரிய நகரமாக்கிவிட்டார்கள். அங்கே பனிக்கட்டித் தரை போட்ட பெரிய ஆட்ட அரங்கம் ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் எழுதியிருக்கும் பெயர் ஜார்ஜ் வெசினா.